பந்தைக் கீழே இறக்காதே

மாகாணக் கூடைப்பந்து அணித் தெரிவுக்கு என் மாணவியை அழைத்துக்கொண்டு போன அன்று எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. ஏழு வருடங்களாக எங்கள் பாடசாலை வென்ற கிண்ணங்களில் பாதி அவள் கையால் வந்தவை. மாகாண அணியில் இடம் கிடைத்தால் மேற்படிப்புக்கும் வழி திறக்கும் என்று அவளும் அவளது உம்மாவும் நம்பியிருந்தார்கள். நானும்தான்.

பதினொரு வயதில் மாம்புரிக் கிராமத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு வந்து சேர்ந்தபோதே அவள் என் உயரம் இருந்தாள். விடுவேனா? வளையத்துக்குக் கீழே நிறுத்தினேன். நான் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: பந்து வந்தால் தலைக்கு மேலே பிடி, கீழே இறக்காதே, இறக்கினால் குட்டைப் பிள்ளைகள் பறித்துவிடுவார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது மற்றவர்களின் வேலை. பதின்மூன்று வயதோடு அவள் வளர்ச்சி நின்றுவிட்டது. பக்கத்துப் பாடசாலைகளில் அவளைவிட உயரமானவர்கள் இல்லாததால் நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

தெரிவுக்கு வந்திருந்த மற்றப் பிள்ளைகள் அவளைவிட ஒரு சாண் உயரம். தெரிவாளர் பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பந்தைத் தட்டி முன்னே கொண்டுவரும் இடத்தில் ஆடச் சொன்னார். சிங்களத்தில், அன்பாகத்தான் சொன்னார். பந்து கைக்கு வந்ததும் அவள் அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். விசில் ஊதினார்கள். மறுபடியும் கொடுத்தார்கள். மறுபடியும் தலைக்கு மேலே. மூன்றாம் முறை தட்டிப் பார்த்தாள். இரண்டடி போவதற்குள் பந்து அவள் காலிலேயே பட்டு உருண்டது. பந்து தட்டவே தெரியாத ஒருத்தியை அல்லவா ஏழு வருடம் வளர்த்திருக்கிறேன்.

தெரிவானவர்களின் பட்டியலில் அவள் இல்லை. திரும்பும் பஸ் மதுரங்குளி ஊரைத் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

"நீங்கதானே டீச்சர் சென்னீங்க, பந்த கீழ இறக்க வாணாமெண்டு?"

ஓம் என்றேன். வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. அவளும் வந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஓர் உயரமான பிள்ளை பந்தைப் பிடித்துத் தட்டப் போனாள்.

"கீழ இறக்காத."

சொன்னது நான்தான். என் வாயிலிருந்து வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்தப் பிள்ளை உடனே பந்தைத் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

என் மாணவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே போய் அந்தப் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினாள்.