ரூஜுக்கு எழும் வரிசை

ரொறொன்ரோவில் ஒரு பல்கலைக்கழக மைதானம், சனிக்கிழமைப் பிற்பகல். பந்தைக் கையில் ஏந்தியும் ஓடுகிற கனடாக் கால்பந்து நடக்கிறது. ஒரு காலத்தில் கோப்பைகளாக வாங்கிய அணி இது. இந்த வருடமும் தோற்றால் கலைத்துவிடுவார்களாம். பார்க்க இருபது பேர்தான் வந்திருக்கிறோம். என்னை அழைத்துவந்த சிவம் அண்ணை, ரூஜ் பகுதியில் குடியிருக்கும் பஸ் ஓட்டுநர், பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தருகிறார். அவர் மகன்தான் அணிக்காகப் பந்தை உதைப்பவன்.

மகன் உதைக்கிறான். பந்து கம்பங்களுக்கு நடுவே போகாமல் விலகி, கடைசிக் கோட்டுக்கு அப்பால் விழுகிறது. ஒலிபெருக்கி "ரூஜ்!" என்கிறது. அண்ணை எழுந்து கைதட்டுகிறார். எங்கள் வரிசையே, வெள்ளைக்காரக் கிழவர்கள் உட்பட, எழுந்து கைதட்டுகிறது.

"உங்க ஊர்ப் பேரை எதுக்கு சொல்றாங்க?"

"நானும் முதல் மட்ச்சில அப்பிடித்தான் நினைச்சனான், தம்பி. ரூஜ்காரப் பெடியன் எண்டு சொல்லினமாக்கும் எண்டு தனிய எழும்பிக் கைதட்டினன். பிறகுதான் தெரிஞ்சுது, குறி தப்பினாலும் பந்து அங்கால போனா ஒரு பொயின்ற் குடுப்பினம், அதுக்குப் பேர் ரூஜ் எண்டு. உவையள் சிரிச்சிட்டு, அடுத்தமுறை என்னோட சேந்து எழும்பிச்சினம். இப்ப உது வழக்கமாப் போச்சு."

புள்ளிப் பலகையில் எதிரணிக்கு முப்பத்தொன்று, எங்களுக்கு ஒன்று. கீழே மகன் தலைக்கவசத்தைக் கழற்றி எங்கள் வரிசையை நிமிர்ந்து பார்க்கிறான்.

"இந்த டீம் பழையபடி எழுமா, அண்ணே?"

"அது கோச்சின்ர வேலை," என்கிறார் அண்ணை, இன்னும் உட்காராமல். "என்ர வேலை எழும்பிறது."