மாசி மகத்துத் தாள்

‘மார்ச் 12, புதன். மாசி 28. மாசி மகம். ராகு காலம் 12 முதல் 1.30 வரை.’

தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த இந்தத் தாளை என் குறிப்பேட்டில் ஒட்டவில்லை. தனியாக ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மகம் என்ற சொல்லுக்குச் சற்றுக் கீழே நகக்கண் அளவுக்கு ஒரு பிறைக் கீறல் இருக்கிறது. மரம் குடையும் என் ரவுட்டர் மிசினின் பிட் பட்டு வந்த கீறல் அது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 11ஆம் தேதி காலையிலிருந்து 13ஆம் தேதி இரவுவரை நான் மீஞ்சூரில், முழங்காலில் அறுவை செய்துகொண்ட என் தங்கையின் வீட்டில் இருந்தேன்.

இந்தத் தாளை வைத்துத்தான் என் கொழுந்தனைத் திருடன் என்று முடிவு செய்தேன். அந்த முடிவால் அவனுக்கு ஒரு வேலை தவறிப்போயிருக்கலாம். தேதிப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தகரம் வேய்ந்த ஓர் அறை. அதில்தான் மிசின் இருக்கிறது. இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை அருகருகே வைத்த அளவுதான் அதன் மேசை. லேப்டாப்பில் வரைந்து கொடுத்தால், சுழலும் பிட் தானாக நகர்ந்து பலகையைக் குடைந்து கொடுக்கும். நான்கு வருடங்களுக்கு முன் பகுதி பகுதியாக வந்ததை நானே கோத்தேன். ராயபுரத்தில் கப்பல் சரக்குக்குப் பத்திரம் தயாரிக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆறு நாள் தாளோடு இருந்துவிட்டு ஏழாம் நாள் மரத்தோடு இருக்கிறேன். சிறிய பெட்டிகள் மட்டும்தான் செய்வேன்: மூக்குக்கண்ணாடிக்கு, ஊசி நூலுக்கு, அலுவலகத்து ரப்பர் ஸ்டாம்புகளுக்கு. துறைமுகத்துக்கு வரும் இயந்திரங்களைப் பொதிந்த பைன் பெட்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் பலகை கிடைக்கும்.

ஒவ்வொரு முறையும் வெட்டத் தொடங்குவதற்கு முன், பலகையின் மேல்பரப்பு எங்கே இருக்கிறது என்று மிசினுக்குச் சொல்ல வேண்டும். பலகை மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, பிட்டை மயிரிழை மயிரிழையாக இறக்கி, தாளை இழுத்தால் லேசாகப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தினால் அதுதான் சுழி, ஆழத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்யம். நான் அதற்கு அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்துக்கொள்வேன். வேலை முடிந்ததும் பின்பக்கத்தில் பெட்டியின் அளவை எழுதிக் குறிப்பேட்டில் ஒட்டிவிடுவேன். லேப்டாப்பில் கடிகார பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை போடும்போதும் ஏதோ ஒரு பழைய புத்தாண்டுக்குத் திரும்பிவிடும். அதனால் என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி இந்தத் தாள்தான்.

என் கணவர் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறார். இந்தப் பழக்கம் அவருக்கு ஆகாது. “பொய்து விடியறதுக்குள்ள தேதியக் கிய்ச்சிட்ற. நான் ஞாயித்துக்கெயமன்னு பாத்தா திங்கக்கெயமன்னு போட்டுகீது. ஒரு நாள் லீவு போயிட்ச்சி.”

கொழுந்தன் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவன். “இன்னா அண்ணி, மிசினுக்கு ராசிபலன் பாக்குறீங்களா? இன்னிக்கு அதுக்கு தனலாபமா, அலைச்சலா?”

அவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் கையால் ஓட்டும் லேத்தில் நின்றவன். அதை மூடிய பிறகு எட்டு மாதமாக எங்கள் கீழறையில் இருந்தான். போகிற பட்டறையில் எல்லாம் கம்ப்யூட்டர் மிசின் ஓட்டுவாயா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் வேறு மாதிரி யோசித்தேன்.

13ஆம் தேதி இரவு மீஞ்சூரிலிருந்து திரும்பினேன். கணவரின் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மகத்துக்குப் பந்தல் கட்டும்போது கயிறு அறுத்துவிட்டது என்றார். 16ஆம் தேதி, ஞாயிறு காலை, மாடிக்குப் போனேன். மிசினின் அடிப்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தாளின் முனை தெரிந்தது. இழுத்தேன். மாசி மகம்.

பலகைகளை எண்ணினேன். பதினான்கு இருக்க வேண்டும், பதின்மூன்று இருந்தன. சாவி எப்போதும்போல் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. ஆனால் நான் வளையம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி மாட்டுவேன். அன்று திரும்பியிருந்தது.

கணவரை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவருக்கு மிசின் சத்தமே ஆகாது, கொசு காதில் புகுந்த மாதிரி இருக்கிறது என்று கீழே இறங்கிவிடுவார். மீதி ஒருவன். மதியச் சாப்பாட்டில் அவனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

“நான் ஊருக்குப் போன நேரம் மாடிக்கு யாராச்சும் போனாங்களா?”

“பூனை போயிருக்கும் அண்ணி.”

“பூனைக்குச் சாவி போடத் தெரியுமா?”

“உங்க வூட்டுப் பூனைக்கு இன்னாதான் தெரியாது” என்று சிரித்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான். கண்ணைப் பார்க்கவில்லை. அதையும் குறித்து வைத்தேன்.

என் பெட்டி மாதிரி செய்து எங்கேயோ விற்கிறான் என்று மனதுக்குள் ஒரு வழக்கை ஜோடித்தேன். திங்கள் மாலை அலுவலகத்திலிருந்து வரும்போது டோல்கேட்டில் இறங்கினேன். அங்கே ஒரு ஃபேன்சி கடை கண்ணாடி அலமாரியில் மரப்பெட்டிகள் வைத்திருப்பார்கள். ஒன்று என்னுடையதைப் போலவே இருந்தது. எடுத்துத் திறந்து, உள்மூலைகளை விரலால் தடவினேன். கடைக்காரர் தெற்கத்தி ஆள்.

“என்னக்கா, உள்ள என்னத்தத் தேடுதிய?”

“மூலையைப் பாக்கிறேன்.”

“நாலு மூலைதான் இருக்கும். வாங்குததுக்கு வந்தியளா, வேவு பாக்குததுக்கு வந்தியளா?”

“இது யார் செஞ்சு கொடுக்கிறாங்க?”

“வடக்கேயிருந்து லாரியில வருது. உங்க வீட்டுக்காரர் செஞ்சதாட்டு இருக்கா?”

உள்மூலைகள் கூர்மையாக, சதுரமாக இருந்தன. பலகைகளை ஒட்டிச் செய்த பெட்டி. என் மிசினில் சுழலும் பிட் குடைவதால் உள்மூலை எப்போதும் வளைந்துதான் வரும். ஆக, இது எங்கள் மாடியில் பிறந்ததில்லை. அவமானத்துக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் என் சந்தேகம் கடையை விட்டு இறங்கி என்னோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டது. இந்தக் கடை இல்லாவிட்டால் வேறு கடை. 18ஆம் தேதி காலை, பிட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்ன நட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். அது இல்லாமல் மிசினில் பிட்டை மாட்டவே முடியாது. பூட்டை மாற்றினால் நேரடியாகக் குற்றம் சாட்டியதாகிவிடும். நட்டு எங்கே என்று யார் கேட்கிறாரோ அவர்தான் ஆள் என்பது என் கணக்கு. டிபன் டப்பாவோடு உரசி அது நாள் முழுக்கச் சத்தம் போட்டது.

செவ்வாய் யாரும் கேட்கவில்லை. புதனும் கேட்கவில்லை. கொழுந்தன் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழன் மாலை நான் செருப்பைக் கழற்றும்போதே கணவர் கேட்டார்.

“உன் மிசின்ல ஏதோ நட்டு இல்லயாமே?”

“யார் சொன்னது?”

“அவன்தான். உன்னாண்ட கேக்கப் பேஜாரா கீதாம். மணலியில ஒரு பட்டறைல ஆள் எடுக்கறாங்கோ. கம்ப்யூட்டர் மிசின் தெர்யும்னு வாயால சொன்னா நம்பமாட்டாங்கோளாம், ஓட்டுன சாமான் ஒண்ணு எத்துகினு வான்னுட்டாங்கோ. நாளிக்கு போவணும். பொட்டி முட்ச்சிட்டான், மூடிதான் பாக்கி. மூணு நாளா நட்டத் தேடிகினு மாடிக்கும் கீயுக்கும் ஏறி எறங்கறான்.”

“என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் கொடுத்திருப்பேனே?”

“இருவது வர்சம் லேத்துல நின்னவன், அண்ணியாண்ட போயி மிசின் கத்துக் குடுன்னு கேப்பானா? நீ வேற.”

கைப்பையோடு அப்படியே மாடிக்கு ஏறினேன். நட்டை மாட்டினேன். கீழே வந்து அவன் அறைக்கதவைத் தட்டினேன். இல்லை. நட்டு கேட்டு மூலக்கொத்தளம் பக்கம் எங்கேயோ அலையப் போயிருந்தான். வரும்போது பத்து மணியாகிவிட்டது. நட்டு கிடைத்துவிட்டது, போய் மூடியைச் செய் என்றேன்.

“இந்நேரத்துக்கு ஓட்டுனா பக்கத்து வூட்டு ஆளு கல்லெடுத்து வுடுவான் அண்ணி. பரவால்ல.” பிறகு, “எங்கேந்து கெட்ச்சிது?” என்றான்.

“கைப்பையில் இருந்தது.”

“ஓ. அதான் ஆபீசுக்குப் போய்ட்டு வந்துச்சா.”

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு, மூடியில்லாத பெட்டியை மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு போனான். நான் எழுந்து வருவதற்குள் கிளம்பிவிட்டதால் பெட்டியைப் பார்க்கவில்லை. மாலையில் வந்தவனிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“மூடி எங்கப்பான்னு கேட்டாங்கோ. லீவுல கீதுன்னேன். சிரிச்சாங்கோ. பொட்டிய வச்சிட்டுப் போ, சொல்லி அனுப்பறோம்னாங்கோ.”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. உறையை எடுத்து வந்து தாளை அவன் முன்னால் வைத்தேன். பலகை எடுத்ததையும், மதிய நேரங்களில் மிசின் ஓட்டியதையும் ஒப்புக்கொண்டான். தேதியும் சொன்னான்: 6, 7, பிறகு 14, 15. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது என்னுதில்ல அண்ணி.”

“பின்னே யாருது?”

“நான் காலண்டர் தாள் வெக்கவே மாட்டேன். தடியா கீது அது. லேத்துல நாங்கோ சிகரெட்டு சுத்தற பேப்பர எண்ணெய்ல நனச்சி ஒட்டித்தான் தொடுவோம். அப்டிதான் கை பயகிகீது. அதில்லாம மகத்தன்னிக்கு சாமி தூக்கி தோளு வீங்கி, ரெண்டு நாளு வியாசர்பாடில தோஸ்து வூட்ல படுத்துகினு இருந்தேன். போன் போட்டுக் கேளுங்கோ.”

நான் போன் போடவில்லை. மறுநாள் கனம் அளக்கும் வெர்னியரால் அவனுடைய சிகரெட் தாளையும் நாள்காட்டித் தாளையும் அளந்தேன். அவன் சொன்னது சரி. சிகரெட் தாள் நாள்காட்டித் தாளில் பாதிகூட இல்லை. மிசின் அறையைப் பெருக்கியபோது எண்ணெய்க் கறையோடு சிகரெட் தாள் துணுக்குகள் நான்கு கிடைத்தன. அவன் சொன்ன நாட்களும் நான்கு. அவற்றையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கணவரிடமும் கேட்டேன். “நானா? அந்தக் கொசு மிசினயா?” என்று கிரேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிளாஸ்திரி எடுத்த பிறகு அவர் கட்டைவிரலைப் பார்த்திருக்கிறேன். கயிறு அறுத்தால் தோல் உராய்ந்து அகலமாகப் போகும். அது மெல்லிய, ஆழமான வெட்டு. பிட்டை விரலால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அப்படி வரும், எனக்கே இரண்டு முறை வந்திருக்கிறது. ஒரு முறை தவறாகக் கூட்டிப் பார்த்துவிட்டதால் இந்த முறை கூட்டவில்லை. அவர் அங்கே என்ன செய்திருப்பார் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது சாவி சமையலறையில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. கொழுந்தன் மதியங்களில் மாடியில் ஓட்டுகிறான். என் குறிப்பேட்டில் அவனுக்கென்று பக்கங்கள் விட்டிருக்கிறேன். அந்தப் பெட்டிக்கான மூடியையும் செய்து வைத்திருக்கிறான். போய்க் கொடுத்துவிட்டு வாயேன் என்றால், “கூப்டட்டும் அண்ணி” என்கிறான்.

இதை எழுதும் நாள்வரை மணலியிலிருந்து அழைப்பு வரவில்லை. மூடி இருந்திருந்தால் வந்திருக்குமா என்பதை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டி இன்னும் அந்தப் பட்டறையில்தான் இருப்பதாகச் சொல்கிறான். நான் பார்த்ததில்லை. மார்ச் 12 தாளை மிசினில் வைத்தவர் யார் என்பது உறுதிசெய்யப்படவில்லை.