சுவர் துணியல்ல

பெருமாநல்லூர் பக்கம் வீடு கட்டியபோது பின்னால் மிஞ்சிய இடத்தில் குளம் வெட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. என் மனைவிகூடக் கேட்கவில்லை. நான்தான் முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் நான் கெட்டிக்காரன். அப்போது ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தேன். சாயத்தின் ஷேடு சரியா இல்லையா என்று நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

மனைவி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம், தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்தவள். பஞ்சு நெஞ்சில் ஏறி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் டாக்டர் வேலையை விடச் சொல்லிவிட்டார். அதன்பின் அவள் பேச்சே குறைந்துபோனது. முன்பெல்லாம் கம்பெனிக் கதையைச் சாப்பாடு ஆறும் வரை சொல்வாள். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில். டிவி பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஐந்து தங்கமீன்கள் வைத்திருந்தாள். அவற்றைப் பற்றி மட்டும் தானாகப் பேசுவாள். எதற்கு எங்கே ஒரு செதில் கம்மி, எதன் வால் ஓரம் கிழிந்திருக்கிறது என்று எல்லாம் தெரியும். செக்கிங் கண் அல்லவா, எங்கே போகும்?

மீன்கள் உள்ளங்கை நீளம் வளர்ந்து, திரும்ப இடமில்லாமல் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு குளம் இருந்தால் மீனுக்கும் இடம் கிடைக்கும், இவளும் வெளியே வந்து உட்காருவாள், பழையபடி பேசுவாள். இதுதான் என் கணக்கு. அவள் பேச்சு இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டடிக்கு ஐந்தடி, தொடை ஆழம். செங்கல் கட்டிச் சிமெண்டு பூசினோம். சுவர் காயாமலிருக்க மற்ற ஊர்களில் சாக்கைப் போட்டு நனைப்பார்கள். எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட்தான். ஒரு வாரம் குளம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகத் துண்டுத் துணி கிடந்தது. கரைக்குத் திருமுருகன்பூண்டிச் சிற்பப் பட்டறைகளிலிருந்து கழிவுக் கல் ஒரு வண்டி வாங்கிவந்தேன். அதில் ஒரு விரல் மட்டும் செதுக்கிய துண்டு இருந்தது. பின்னமான சிலை வீட்டில் ஆகாது என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்ல, ஒரு விரல் எப்படிச் சிலையாகும் என்று நான் சண்டை பிடித்தேன். கடைசியில் விரலை மண்ணுக்குள் வைத்துப் புதைத்துவிட்டோம். சுற்றிலும் கல்வாழை, ஒரு மூலையில் சேம்பு.

வேலை முடித்துக் கரண்டியைக் கழுவும்போது கொத்தனார் சொன்னார். “ஏனுங்க, புதுச் சிமெண்டுங்க இது. தண்ணி ரொப்பி நாலு நாள் உட்டு எறச்சுப் போடோணுங்க. இப்படி நாலஞ்சு வாட்டி. வாழைமரத்தைத் துண்டு போட்டு ஊற உட்டீங்கன்னா காரத்தை இழுத்துக்கும். ஒரு மாசம் போவட்டும். அப்புறமா மீனை உடுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர், குழாயில் வருவது பத்து நாளைக்கு ஒரு தடவை. குளத்துக்கு லாரித் தண்ணீர்தான். நாலு குடத்துக்கு அடித்துக்கொள்ளும் தெருவில் குளத்துத் தண்ணீரை ஐந்து தடவை இறைத்துக் கொட்டினால் ஊர் சும்மா விடுமா? அதோடு காரத்தைப் பற்றி எனக்கே பாடமா? பட்டறையில் தினமும் டன் கணக்கில் துணியை காஸ்டிக்கில் வெளுத்து, அந்தக் காரத்தை எடுக்கிறவன் நான். அசிட்டிக் ஆசிட் விட வேண்டும், பத்து நிமிடம் ஓட்ட வேண்டும், காரம் எவ்வளவென்று நிறத்தில் காட்டும் பி.எச். பேப்பரில் ஏழு வந்தால் முடிந்தது. இதற்கு வாழைமரமாம்.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க” என்று அவரை அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. பட்டறையில் சொல்லி வாங்கிவந்த ஆசிட்டை அளந்து விட்டேன். மூங்கில் கம்பால் கலக்கினேன். பேப்பரை முக்கினேன். ஏழு. சந்தேகத்துக்கு மற்ற மூன்று மூலையிலும் பார்த்தேன். மூன்றிலும் ஏழு.

மனைவி வாசற்படியில் நின்றாள். “கொத்தனார் ஒரு மாசம்னுல்லா சொன்னாவ. ஏன் இப்படி அவசரப்படுதிய?”

“பேப்பரைப் பாரு. பேப்பர் பொய் சொல்லுமா?”

அவள் பேப்பரைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தாள். அவள் கையிலிருந்த மீன் வாளியை நானே வாங்கிச் சரித்தேன். ஐந்தும் சளக்கென்று இறங்கின. நன்றாகத்தான் நீந்தின. இனி எதற்கு என்று கண்ணாடித் தொட்டியை அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பெருமைதான், வேறென்ன.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் போய்ப் பார்த்தேன். நான்கு மீன்கள் வெள்ளை வயிற்றோடு மிதந்தன. பேப்பரை முக்கினால் கரும்பச்சை. பத்துக்கும் மேலே. நேற்றுப் போட்ட ஆசிட் நேற்றைக்குக் கரைந்திருந்த காரத்தை மட்டும் தின்றது. சுவர் ராத்திரியெல்லாம் புதிதாகக் காரத்தை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. துணி தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். சுவர் துணியல்ல. இருபது வருட அனுபவஸ்தனுக்கு இது தோன்றவில்லை.

உடனே ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. லாரித் தண்ணீரைத் திட்டினேன். சிமெண்டு கடைக்காரனைத் திட்டினேன். கொத்தனாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாக, “நாந்தான் சொன்னனுங்களே” என்றார்.

மனைவி ஒவ்வொரு மீனாக எடுத்துச் சேம்பு இலையில் வைத்தாள். அழவில்லை. குளத்தோரம் கிடந்த பேப்பரை எடுத்து என்னிடம் நீட்டினாள். “மீன் செத்துட்டுன்னா இது என்ன கலர் காட்டும்?” என்று கேட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். நான் பேப்பரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு எந்த ஷேடும் என் கண்ணில் நிற்கவில்லை.

நான்குதானே மிதந்தன, ஐந்தாவது எங்கே என்பது சாயங்காலம் வரை உறைக்கவே இல்லை. சமையலறையில் பெரிய அலுமினியக் குண்டா ஒன்று தட்டு போட்டு மூடியிருந்தது. திறந்தேன். வால் கிழிந்த மீன் உள்ளே இருந்தது.

“எப்ப எடுத்தே?”

“நேத்தே. நீங்க தொட்டியைக் குடுக்கப் போனியல்லா, அப்பம். அது ஒண்ணுதான் கைக்கு அம்புட்டுது.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கட்டின பெண்டாட்டிக்கு என் மேல் நம்பிக்கை இல்லை என்ற கோபம். நம்பியிருந்தால் அதுவும் செத்திருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி அவள் மீனைப் பற்றியும் பேசவில்லை. பேசவைக்கக் குளம் வெட்டியவன், இருந்த ஒரு பேச்சையும் கெடுத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு இறைக்கத் தொடங்கினேன். அடியில் ஓட்டை விட மறந்திருந்தேன், அதனால் வாளிதான். காரத் தண்ணீர் என்பதால் செடிக்கும் ஆகாது, சாக்கடைக்குச் சுமந்தேன். தெரு பார்த்தது. “ஏனுங்க, உங்க ஊட்ல தண்ணி பொங்குதுங்களா?” என்று ஒருவர் கேட்டார். நான் அடுத்த வாளியைத் தூக்கினேன். வாழைமரத் துண்டுகளைக் கொத்தனாரே டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து போட்டார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

நான்கு தடவை ரொப்பி, நான்கு தடவை இறைத்தேன். ஐந்தாவது தண்ணீரில் பேப்பர் ஏழரையில் நின்றது. மறுநாளும் ஏழரை. அடுத்த வாரமும் ஏழரை. பேப்பரை அவளிடம் நீட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு காலையில் அவளே படியிறங்கி வந்து, குனிந்து, சுவரை விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் பச்சை ஒட்டியிருந்தது. பட்டறையில் தொட்டிச் சுவரில் பச்சை தெரிந்தால் ஆளைக் கூப்பிட்டுத் தேய்க்கச் சொல்லிக் கத்துகிறவன் நான். காரம் இருந்தால் பச்சை பிடிக்காது; அன்றைக்கு அதை நானும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

“பாசி பிடிச்சிட்டு. இனி விடலாம்” என்றாள்.

“இன்னும் ரெண்டு நாள் போவட்டும்” என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வேலையை விட்டபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் குண்டாவைத் தூக்கிவந்தாள். இந்தத் தடவை நான் கை நீட்டவில்லை.

“பிடிங்க. நீங்களே விடுங்க” என்று என் கையில் கொடுத்தாள்.