தீக்குச்சிப் பரீட்சை

தொண்ணூறுகளில் பாறசாலையில் நான் டுட்டோரியல் நடத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் தோற்றவர்களை எப்படியாவது கரையேற்றுவது என் பிழைப்பு. பரீட்சை என்றால் பாஸாக வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் புத்தியை என் அப்பாவிடமும் காட்டினேன்.

அப்பா ஆரியங்கோட்டில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையில் இருபது வருடம் கிடந்தவர். நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார், முடியாவிட்டால் உட்காரலாம். பிறகு ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஒரு சாண் தள்ளிப் பிடித்து, உதட்டைக் குவிக்காமல், வாயைத் திறந்தபடி ஊதி அணைக்கச் சொன்னார். அப்பா நடக்கையில் மூன்று தடவை உட்கார்ந்தார். தீக்குச்சி டாக்டரின் விரல்வரை எரிந்தது. வரிசையில் இருந்த என் மாணவன் ஒருவனின் தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மானமே போய்விட்டது.

"ரெண்டு வாரம் மருந்து குடிக்கட்டு. அப்பமும் இப்பிடித்தான்னா மெடிக்கல் காலேஜுக்கு எழுதித் தாறேன்" என்றார் டாக்டர்.

மறுநாளே முற்றத்தில் அப்பாவுக்கு டியூஷன் ஆரம்பித்தேன்.

"மூச்சு முட்டுனாலும் உக்காராம பல்லக் கடிச்சு நடக்கணும். தீக்குச்சிக்கு கடைசீல உதட்ட லேசா குவிச்சா போதும். மீச மறைச்சுக்கிடும்."

சொன்னதையெல்லாம் கேட்டார். என் மக்குப் பையன்களைவிட எவ்வளவோ நல்ல மாணவர். ஒரு தீப்பெட்டி காலியானது.

இரண்டாம் முறை அப்பா ஒரு தடவைகூட உட்காரவில்லை. தீக்குச்சியும் அணைந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். மருந்து கேட்கிறது, மெடிக்கல் காலேஜ் இப்போது வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் அப்பா மதிலைப் பிடித்தபடி குந்திவிட்டார். உதடு நீலமாகியிருந்தது. பேச்சு வர வெகுநேரம் பிடித்தது.

"பாஸாயிட்டேனா மக்கா?"

"பாஸ்தாம்ப்பா."

திரும்பி உள்ளே போய் உண்மையைச் சொல்ல இருபது அடிதான். எனக்கு நாலு மணி வகுப்பு இருந்தது. அப்பாவைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றினேன்.

நாலாம் நாள் காலையில் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஜீப் பிடித்து அதே டாக்டரிடம் கொண்டு சேர்த்தோம். அவர் பழைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணைக்கு இவ்வளவு நல்லா நடந்தாரே, எப்பிடி?"

அப்பா முகத்தில் இருந்த ஆக்சிஜன் மாஸ்கை விலக்கினார்.

"பல்லக் கடிச்சு நடந்ததும் உதட்ட குவிச்சு ஏமாத்துனதும் நானாக்கும் டாக்டரே. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெடிக்கல் காலேஜுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.