ஒரே பேரில் இரண்டு பேர்

கூனிமேட்டிலிருந்து மரக்காணம் போகும் வழியில் ஒரு சிறிய கண் மருத்துவமனை இருக்கிறது. அறக்கட்டளை ஒன்று நடத்துவது. வருகிறவர்களில் பாதிப் பேர் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். நாளெல்லாம் வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலைப் பார்த்தபடியே நிற்கிற வேலை என்பதால், அவர்களுக்குச் சீக்கிரமே கண்ணில் புரை விழுந்துவிடும்.

நான் கூனிமேட்டில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். என் மாமியைக் கண் காட்ட அழைத்துப்போன அன்று, அங்கிருந்த தலைமை நர்ஸ் என் வேலையைப் பற்றி விசாரித்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கம்ப்யூட்டர் வேலையா? அப்ப இத கொஞ்சம் பாரும்மா. ஒரு பேர தேடுனா டீ குடிச்சிட்டு வந்துடலாம், அவ்ளோ நேரம் சுத்துது."

பார்த்தேன். நோயாளிகளின் பெயர், ஊர், வயது எல்லாம் ஓர் அட்டவணையில். அவர்கள் வந்துபோன நாள், பரிசோதனை, ஆபரேஷன் எல்லாம் இன்னொன்றில். இரண்டையும் இணைப்பது நோயாளியின் எண். எண்ணைக் கொடுத்தால் உடனே வந்துவிடும். பெயரைக் கொடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தது. அகராதிக்கு அகர வரிசை போல, பெயர்களுக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டுக் கொடுத்தேன். சிஸ்டர் ஒரு பெயரை அடித்தார். கையை எடுப்பதற்குள் வந்துவிட்டது. இன்னொன்று அடித்தார். மூன்றாவதாகத் தன் பெயரையே அடித்துப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள் போக ஆரம்பித்தேன். மதியம் ஒரு மணிக்கு மேல் டாக்டர் அறையில் திரை உறைந்துபோகிறது என்று ஒரு புகார் இருந்தது. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது. டாக்டரிடம் அனுப்புகிற ஒரு நோயாளியின் பக்கத்தைச் சிஸ்டர் திருத்தத் திறந்து, அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அவர் திரும்பி வந்து சேமிக்கும்வரை வேறு யாரும் அதில் எழுத முடியாதபடி புரோகிராம் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தது.

"அய்யய்யோ, நான் தயிர் சோறு துன்றதுக்கு டாக்டர் காத்துக்கினு இருந்தாரா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

"தப்பு உங்க மேல இல்லீங்க சிஸ்டர், புரோகிராம் மேல" என்றேன். சேமிக்கிற அந்த ஒரு நொடி மட்டும் பூட்டினால் போதும் என்று மாற்றி வைத்தேன்.

இரண்டு வெற்றி போதும், மனுஷிக்குத் தலைக்கனம் வர. மூன்றாவதாக நானே ஒரு வேலையைத் தேடிக்கொண்டேன். ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் இருந்தன. சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு முகப்பு மேசையில் தேடாமலே புது எண் போட்டுவிடுவார்கள். பழைய பரிசோதனை ஓர் எண்ணிலும் புதியது இன்னொன்றிலும் கிடக்கும். டாக்டருக்குப் பாதிதான் தெரியும். இவற்றை ஒன்றாக்க ஒரு விதி வகுத்தேன்: பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், ஊர், வயது, போன் நம்பர், இந்த ஐந்தும் ஒத்துப்போனால் ஒரே ஆள். நாற்பது சொச்சம் ஜோடிகள் சிக்கின.

"ஒரு தபா எங்கிட்ட காமிச்சிட்டு செய்யேம்மா" என்றார் சிஸ்டர்.

"அஞ்சும் ஒண்ணா இருக்குதுங்க சிஸ்டர். இதுல பாக்குறதுக்கு என்ன இருக்குது?"

முதலில் எல்லாவற்றையும் நகலெடுத்துப் பேக்கப் வைத்துக்கொண்டேன். பிந்திய எண்ணில் இருந்ததையெல்லாம் முந்திய எண்ணுக்கு மாற்றினேன். பிந்திய எண்களை அழித்தேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் மீன் வாங்கிக்கொண்டு போனேன், அவ்வளவு சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலை, சிஸ்டர் போன் செய்தார். குரல் சரியாக இல்லை.

"கொஞ்சம் வர்றியாம்மா? இப்பவே."

போனபோது அவர் அறையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். உப்பளத்துக்காரர் என்று பாதங்களைப் பார்த்தாலே தெரிந்தது, வெளுத்து வெடித்திருந்தன. மருத்துவமனை கொடுக்கிற கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஆபரேஷன் ஆகி ஒன்றரை மாதம் கழித்து, செக்கப்புக்கு வந்தவர்.

"எங்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றார் சிஸ்டர்.

"ஒண்ணுமில்லம்மா. எங்கூட வேல செய்றவ ஒருத்தி, அவளுக்கும் இங்கதான் நாள் குடுத்திருந்தாங்க. போன வாரம் வந்திருக்கா. ஒனக்கெல்லாம் கெடையாதுன்னு அனுப்பிட்டாங்களாம். எனக்கு பண்ணீங்க, அவளுக்கு ஏன் பண்ண மாட்டேன்றீங்கன்னு கேட்டேன்."

"அந்த இன்னொருத்தங்க பேரு என்னன்னு கேளு" என்று சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

கேட்டேன்.

"எம்பேருதான்" என்றார் அந்த அம்மா. "அவ வூட்டுக்காரருக்கும் எங்க வூட்டுக்காரர் பேருதான். எங்க பக்கம் குலசாமி பேரத்தான் வைப்பாங்க, வீட்டுக்கு வீடு இருக்குது."

மற்றவற்றையும் கேட்டேன். வயது? இருவருக்கும் ஐம்பத்தைந்து. வயது சரியாகத் தெரியாதவர்களுக்கெல்லாம் முகப்பில் ஐம்பத்தைந்து என்றே போடுவது வழக்கமாம். போன்? இருவருக்கும் சொந்த போன் கிடையாது. உப்பள மேஸ்திரியின் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். ஒரே ஊர். ஐந்தும் ஒன்று. இரண்டு உயிரை நான் ஒன்றாக்கியிருந்தேன்.

சிஸ்டர் லீவில் இருந்த ஒரு நாளில் அந்த இன்னொரு பெண்மணி வந்திருக்கிறார். முகப்பில் இருந்தவர் திரையைப் பார்த்து, உங்களுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டதே, செக்கப்புக்கு அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டார். அதோடு போகவில்லை. அவருடைய அதிகப்படியான சர்க்கரை அளவும் இவர் பக்கத்தில் ஏறியிருந்தது. காலையில் அதைப் பார்த்துவிட்டு டாக்டர், "சர்க்கரை இருக்குறத ஏம்மா சொல்லல?" என்று இவரைக் கேட்டிருக்கிறார். "எனக்கு எங்க இருக்குது?" என்று இவர் முழித்திருக்கிறார். ஒரு சொட்டு மருந்து மாறியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்.

"பேக்கப் இருக்குது சிஸ்டர்" என்று சொல்லி அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். பேக்கப் எடுத்த நாளிலிருந்து அதை ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை. திறந்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேள்விக்குறி. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி. பேக்கப் எடுக்கும்போது தமிழ் எழுத்துக்குரிய முறையைக் குறிப்பிடாமல் விட்டிருக்கிறேன். எழுத்துகளை அது கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டது. இனி எந்த வித்தையாலும் அந்த எழுத்துகள் திரும்பி வராது. எண்களும் தேதிகளும் மட்டும் பிழைத்திருந்தன. ஆயிரக்கணக்கான மனிதர்கள், வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்.

என் கண் நிறைந்துவிட்டது. சிஸ்டர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பேரெல்லாம் போயிடுச்சிங்க சிஸ்டர்."

அவர் அந்தக் கேள்விக்குறிகளை விரலால் தொட்டார். "பேரு என்னாத்துக்கு? ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான?"

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் அழித்த ஒவ்வொருவரின் பெயரும் நான் விட்டுவைத்தவருடைய பெயரேதான். அப்படித்தானே தேடித் தேடி அழித்தேன். பெயரையும் ஊரையும் இருப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். யார் எந்தத் தேதியில் வந்தார், என்ன சர்க்கரை, எந்தக் கண் என்பதை எண்கள் சொல்லும். அரை மணி நேரத்தில் அந்த இருவரையும் பிரித்தேன். இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. சிஸ்டர் ஒவ்வொரு தேதியாக, தான் தனியாக எழுதி வைக்கிற நோட்டோடு ஒத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் சேமித்தேன்.

"நேர்ல போய் கூட்டிக்கினு வந்துடும்மா" என்றார். "மேஸ்திரி மூலியமா சொல்லி அனுப்புனா வர மாட்டாங்க."

கறுப்புக் கண்ணாடி அம்மாவை ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். உள்ளே வண்டி போகாது. வரப்பில் நடந்தோம். அவர் முன்னால் போனார். "இங்க வழுக்கும், பாத்து வா" என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டே போனார். பத்து மணிதான் இருக்கும், ஆனால் பாத்திகளிலிருந்து வந்த வெளிச்சத்தில் என்னால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வெயில் ஏறுமுன் காலை வேலையை முடித்துவிட்டு, ஓலைக் கொட்டகையின் நிழலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இதோ, அவதான்."

மெலிந்த, உயரமான பெண்மணி. எங்கள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பார்வை எங்கள் மேல் நிற்கவில்லை. இரண்டு கண்ணிலும் புரை, ஒன்றில் பாலாடை போலவே தெரிந்தது.

"அக்கா, நான் கண் ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேன்" என்றேன்.

"அங்க எனக்கு முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டாங்களேம்மா."

"நீங்க அப்பவே கேட்டிருக்கலாம் இல்லீங்களா, எனக்கு பண்ணவே இல்லியேன்னு?"

அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "கம்ப்யூட்டர்ல இருக்குதுன்னு சொன்னாங்க. எனக்கே சந்தேகமாயிடுச்சி. ஒருவேள பண்ணிக்கிட்டு மறந்துட்டனோ, பண்ணியும் தெரியலியோன்னு. பஸ்ல வரும்போது கண்ண தொட்டு தொட்டு பாத்துக்கினே வந்தேன். எங்க பெரியம்மாவுக்கு கடைசில இப்டித்தான் எல்லாம் மறந்துபோச்சி. எனக்கும் வந்துடுச்சின்னு நெனச்சி, வீட்ல யார்கிட்டயும் சொல்லல. இவகிட்ட மட்டும் கெடையாதுன்னுட்டாங்கன்னு சொன்னேன்."

தோழி அதைக் கேட்டதும், "அடிப்பாவி" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எத்தனையோ முறை தவறு செய்திருக்கிறேன். கம்பெனியில் தவறு நடந்தால் ஒரு மின்னஞ்சல் எழுதுவோம், காரணம் சொல்வோம், இனி நடக்காது என்போம். ஒரு வாரமாக ஒரு மனுஷி தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்ததற்கு எந்த மின்னஞ்சல் எழுதுவது? நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் மறக்கல. தப்பு நான் பண்ணது. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நெனச்சி உங்கள நான்தான் அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா?" அவர் என் முகம் இருந்த பக்கம் குனிந்தார். "என்னயா?"

"ஆமாங்க்கா. இப்ப திரும்ப போட்டுட்டேன்."

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "ஏண்டி, கேட்டியா? நான் செத்து பொழச்சிட்டேன்டி." அப்படியே சிரித்துக்கொண்டிருந்தவர், தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மறதி இல்லன்னு சொன்ன பாரு, அது போதும்மா எனக்கு. வயித்துல பால வாத்த."

சர்க்கரை குறையும்வரை மருந்து கொடுத்துக் காத்திருந்து, பிறகுதான் ஆபரேஷன் செய்தார்கள். அந்த இடைவெளியில் மீதி ஜோடிகளையும் பிரித்து வைத்து, சிஸ்டரோடு உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்தேன். பெரும்பாலும் நான் நினைத்தபடி ஒரே ஆள்தான். கிளியனூர்க்காரர்கள் இருவர் மட்டும் வேறு வேறு ஆட்களாக இருந்தார்கள். நல்லவேளை, அவர்களுக்குப் பாதகம் எதுவும் நடந்திருக்கவில்லை. இப்போது அங்கே யாரையும் அழிப்பதில்லை. ஒன்றாக்க வேண்டும் என்று தோன்றினால் இருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, இது அவரேதான் என்று ஒரு குறிப்பு மட்டும். நோயாளியின் எண்ணைச் சீட்டில் பெரிதாக அச்சடித்து, பக்கத்தில் ஒரு போட்டோவும் வைக்கிறோம். மாதத்தில் ஒரு நாள் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, பத்துப் பெயர்களையாவது வாய்விட்டுப் படிப்பேன்.

கட்டுப் பிரிக்கிற காலையில் என்னையும் வரச் சொல்லியிருந்தார் அந்த உயரமான அக்கா. தோழியும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். சிஸ்டர் பஞ்சை மெல்ல எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "இப்ப தெறங்க" என்றார்.

திறந்தார். நாலைந்து முறை இமைத்தார். எதிரில் இருந்த தோழியைத்தான் முதலில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏண்டி, ஒனக்கு இவ்ளோ நரச்சிடுச்சா?"

"ஒனக்கு மட்டும் கறுப்பாவா இருக்குது?" என்றார் தோழி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் அந்தப் பொண்ணா? கொரல கேட்டுட்டு பெரிய ஆபீஸர் மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன். கண்ணுக்குக் கீழ இம்மாங் கறுப்பு. தூங்குறியா இல்லியா?"

"தூங்குறேங்க்கா" என்றேன். உண்மையில், அன்று இரவிலிருந்துதான் தூங்கினேன்.