மொட்டையருக்கு மோதிரம் போட்ட நாள்

தடார்...

சுவருக்கு அந்தப் பக்கத்தில் பலகையில் ஏதோ கனமாக விழுந்த சத்தம். கூடவே ஒரு பெண்குரல்: "கழுத்தை விடாதை! விட்டாயோ, முடிஞ்சாய்!"

முதல் நியமனம் கிடைத்து நெடுந்தீவுக்குப் போய், ஆசிரியர் விடுதியில் நான் தங்கிய முதல் சனிக்கிழமை அது. பெட்டியைக்கூட முழுதாக அவிழ்க்கவில்லை. யாரையோ கொல்கிறார்கள் என்று நினைத்து அடுத்த அறைக்கு ஓடினேன்.

அங்கே சுகந்தி அக்கா தனியாகக் கதிரையில் இருந்தார். மடியில் ஒன்பதாம் வகுப்புக் கணிதக் கொப்பிகள், கையில் சிவப்புப் பேனை. எதிரே டிவியில் மலைபோல இரண்டு ஆண்கள் கட்டிப் புரண்டார்கள்.

"பயந்திட்டீரே? இரும், இரும். இது ரெஸ்லிங்."

வகுப்பில் அவர் பேசுவது மூன்றாவது வாங்குக்கே கேட்காது. அந்தத் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது...

வீரர்கள் எல்லோருக்கும் அக்காவே பெயர் வைத்திருந்தார். பொன்னிறத் தலைமயிரைச் சிலுப்பிக்கொண்டு வரும் சாம்பியன், சேவல். நடுவர் அந்தப் பக்கம் திரும்பி நிற்க இந்தப் பக்கம் கதிரையால் அடி விழும்போது, "இவர் எங்கட சோதனை மண்டபத்துக்கு வந்தாரெண்டால் பிள்ளையள் அவ்வளவும் பாஸ்" என்பார்.

அவருக்குப் பிடித்தவர் மொட்டையர். நடுத்தர வயது, கொஞ்சம் வயிறு, பழைய கறுப்புச் சப்பாத்து. வருவார், அடி வாங்குவார், தோற்பார், போவார். நான் பார்த்த முதல் வருடத்தில் ஒருமுறைகூட வெல்லவில்லை. சாம்பியன் பட்டி அவர் இடுப்பில் ஏறியதே இல்லை. சேவல் அந்தப் பட்டியைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"காட்டுறார் பாரும்... விழுந்து விழுந்து உன்னைப் பெரியாளாக் காட்டினது ஆரடா?"

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. எல்லாம் தெரியும் என்ற வயது. ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"அக்கா, இது முழுக்க நடிப்பு. ஆர் வெல்லுறதெண்டு முதலே எழுதிப்போடுவினம்."

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சுமோ பாக்கிறியள்?"

"வெல்லுறதை எழுதலாம் பிள்ளை. விழுறதை என்னெண்டு எழுதுறது? அந்தப் பலகையில அவர்தான் விழவேணும்." பிறகு திரையைக் காட்டினார். "மொட்டையர் ஆளைத் தூக்கிப் போடேக்கை அவரின்ர இடக்கையைப் பாரும்."

பார்த்தேன். எதிராளி தலைகீழாக இறங்கும் அந்த நொடியில், மொட்டையரின் கை அவன் பிடரிக்குக் கீழே போய், கழுத்து பலகையில் அடிபடாமல் தாங்கிக்கொண்டது. ஒவ்வொரு முறையும்... அதன்பிறகு எந்தச் சனிக்கிழமையும் நான் தவறவிடவில்லை.

மூன்றாம் வருடம் ஒருநாள், சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா ஓடிவந்தார்.

"பிள்ளை! மொட்டையரை ஹோல் ஒஃப் ஃபேமில சேர்க்கினமாம்!"

மல்யுத்தக்காரருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது; மேடைக்கு அழைத்து மோதிரம் போடுவார்கள். விழா எங்கள் நேரப்படி ஞாயிறு காலை. கடல் தாண்டித் தன் ஊரான மடத்துவெளிக்குப் போய்த் தன் தம்பி வீட்டுப் பெரிய டிவியில் பார்ப்பதென்று அக்கா முடிவு செய்தார். வெள்ளியன்று காற்று எழும்பிப் படகு ஓடவில்லை. சரி, விடுதி டிவி இருக்கிறதே என்றிருந்தோம். ஞாயிறு விடிய, எங்கேயோ கம்பி அறுந்து கரண்டும் போய்விட்டது.

அக்கா அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தபடி கட்டிலில் இருந்தார். பார்க்க எனக்கே தாங்கவில்லை.

என் போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் கல்மதிலடியில் மட்டும் சிக்னல் இழுக்கும். அக்காவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். "காத்துக்கை இதென்ன விசர் வேலை டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே வாச்சர் நல்லதம்பி அண்ணையும் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளங்கையளவு திரையில் மூன்று தலைகள்.

கோட்டுப் போட்ட மொட்டையர் மேடைப் படியில் ஏறுகிறார். முழங்கால் மடியவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்றுநின்று... மேலே அவரை வென்றவர்கள் எல்லோரும் வரிசையாகக் காத்து நின்றார்கள். சேவல்தான் மோதிரத்தைப் போட்டுவிட்டான். எத்தனையோ முறை முறிந்த விரல். மோதிரம் விரல் மூட்டைத் தாண்டவில்லை. கடைசியில் சின்னவிரலில் போட்டுவிட்டு, அந்தக் கையைப் பிடித்தபடியே அழுதான்.

மொட்டையர் பேசினார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா போனில் காதை ஒட்டிவைத்து எங்களுக்குச் சொன்னார்: "இருபத்தாறு வருஷமாம்... தன்னோட மல்லுக்கு நிண்ட ஒருத்தரும் தன்ர கையால காயப்பட்டு வீட்டை போகேல்லையாம்."

எப்போதும் தோற்கிற ஆள் என்று நான் சொல்லியிருந்த மொட்டையரை நல்லதம்பி அண்ணை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அப்ப இந்தாள் எங்கை டீச்சர் தோத்தது?"

அக்கா எழும்பி நின்று கை தட்டினார். சேலை காற்றில் படபடக்க, மதிலுக்கு அப்பால் மேய்ந்த மாடுகள் நிமிர்ந்து பார்க்க... போன் செத்துப் படம் போன பிறகும் தட்டிக்கொண்டே நின்றார். அவ்வளவு பெரிய கைதட்டலை அதற்குப் பிறகு நான் எந்த மண்டபத்திலும் கேட்டதில்லை.

இப்போது நான் யாழ்ப்பாண நகரத்தில். சுவரளவு டிவி, எந்த ஆட்டமும் நினைத்த நேரத்தில். அக்கா ஓய்வுபெற்று மடத்துவெளியில் இருக்கிறார். போன மாதம் ஒரு ஞாயிறு காலையில் அழைத்தார்.

"டிவியைப் போடும். இண்டைக்குக் கடைசியாய் வாற பெரிய ஆட்டம் ரெண்டு பொம்பிளையள்! முந்தி அவையின்ர ஆட்டம் ரெண்டு நிமிஷம். அந்த நேரத்திலதான் நான் தேத்தண்ணி போடப் போறனான். இப்ப இவையளை விட்டிட்டு எழும்பவே ஏலாமல் கிடக்கு."

போனை வைக்காமலே இருவரும் பார்த்தோம். அவர் வீட்டுக்குப் படம் ஒரு நொடி முந்தி வருகிறது போல.

அக்கா அங்கே கத்திய பிறகுதான், ஒவ்வொரு முறையும், இங்கே என் திரையில் அவர்கள் விழுந்தார்கள்...