ஐஸ் பெட்டித் தண்ணீர்

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் போன சனிக்கிழமை காலை அதில் போய் மாட்டிக்கொண்டேன். நான் உட்கார்ந்திருந்த ஆட்டோவுக்கு முன்னால் ஒரு பழைய கார் ஓரமாக நின்று, பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஓட்டிவந்த இளைஞர் ஒரு பாட்டிலைத் திறந்து ரேடியேட்டரை நோக்கிச் சாய்த்தார். நான் இறங்கி ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

"ஊத்தாதப்பா, ஆறட்டும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரை மணி நேரமா ஆற விட்டிருக்கேன் அங்கிள், போதும். நீங்க போய் ஆட்டோல உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. சூடேறிய இரும்பு, ரப்பர் குழாய், ஆவி மூன்றும் கலந்த வாசனை. வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டைரி அலமாரியைத் திறந்தேன்.

நாள் குறிப்பது எனக்கு ஒரு வியாதி. ஏரி எந்த மாதம் உடைந்தது, தாம்பரத்தில் அந்த மாடி ஓட்டலை எப்போது மூடினார்கள் என்று நண்பர்கள் போன் செய்து கேட்பார்கள், கிழமையோடு சொல்வேன். எனக்குக் கிடைக்கிற மரியாதை எல்லாம் அதற்குத்தான். தொண்ணூறுகளின் நடுவில், குரோம்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்த்த நாட்களிலேயே என் பெயர் பஞ்சாங்கம். அந்தப் பெயரை வைத்தவன் பக்கத்து மேஜைக்காரன் பாஸ்கர்.

பாஸ்கருக்குப் பெயர் வைக்கிற கை. யாரையும் விட்டதில்லை. அவன் சொன்னால் சுற்றியிருக்கிறவர்கள் சிரித்தே ஆக வேண்டும். சிரிக்காதவனுக்கு அடுத்த பெயர் தயாராகிவிடும். நான் நன்றாகச் சிரிப்பேன். அவனுடைய மாமா நீலகிரியில் எஸ்டேட் மேனேஜராக இருந்தவர். அவர் இறந்தபோது சிவப்பு நிறத்தில் ஒரு பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இவனுக்கு வந்தது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, தரையை உரசிக்கொண்டு போகும். உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கும் பஸ்ஸின் சக்கரம்தான் முகத்துக்கு நேரே தெரியும். அதில் ஏறிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது, சைக்கிளில் போகும் சக ஊழியர்களை நான் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

இறங்கிக் கிடந்த அந்த எஞ்சினைப் பிரித்து ஓட வைத்தவர் ஜோசப் அண்ணன். இரும்புலியூரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு ஷெட்டில் மெக்கானிக். நாற்பது வயதுக்காரர். அதிகம் பேச மாட்டார், பேசினால் எதிரில் இருப்பவரின் கையைப் பார்த்தபடி பேசுவார். நான்கு மாதம் வேலை செய்து வண்டியை ஒப்படைத்தபோது சூடு காட்டும் மீட்டரில் ஒரு கோட்டைக் காட்டிச் சொன்னார்: "சார், முள்ளு இத்த தாண்டுச்சுனா வண்டிய ஓரங்கட்டு. பானெட்ட தொறந்து போட்டு ஒரு மணி நேரம் சும்மா குந்திக்கினு இரு. தண்ணி மட்டும் ஊத்தாத. இரும்பு பொளந்துக்கும்."

பாஸ்கர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். நான் அன்று இரவு அதை டைரியில் எழுதிக்கொண்டேன். இப்போதும் இருக்கிறது, அழகான கையெழுத்தில்: 'சூடானால் ஒரு மணி நேரம். தண்ணீர் கூடாது.' எழுதிவைப்பதற்கும் தெரிந்துவைத்திருப்பதற்கும் உள்ள தூரத்தை எனக்குக் காட்டிய வரி அது.

போகிக்கு முந்தைய நாள். செங்கல்பட்டில் பாஸ்கருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பதினொரு மணிக்கு அவர்கள் வாசலில் இந்தக் கார் போய் நிற்க வேண்டும் என்பது அவன் கணக்கு. பெருங்களத்தூரில் கரும்பு லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் வண்டி நின்றது. முள் கோட்டைத் தாண்டியது. பெண் வீட்டுக்குத் தகவல் சொல்ல பாஸ்கர் டெலிபோன் பூத்துக்குப் போனான். வரிசையில் பத்துப் பேர். பின்னால் ஹாரன் சத்தம் தாங்க முடியவில்லை. அவன் திரும்பி வரும்போது வண்டி தயாராக இருந்தால் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அந்தப் பார்வைக்கு ஆசைப்பட்டுத்தான் செய்தேன். பக்கத்தில் கலர் சோடா விற்றுக்கொண்டிருந்தவரின் ஐஸ் பெட்டியில் உருகிய தண்ணீர் கிடந்தது. அவருடைய மக்கையே கேட்டு வாங்கி, ஈரத்துணியால் ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்து, நான்கு மக் ஊற்றினேன். உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். சூடான காபியை ஊற்றியதும் கண்ணாடி டம்ளர் கீறல் விடுமே, அந்தச் சத்தம்தான். அவ்வளவுதான். அப்போது மணி பதினொன்று நாற்பது.

பாஸ்கர் வந்தான். "ஆறிடுச்சா? குட்" என்றான். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

வண்டலூர் தாண்டுவதற்குள் வெள்ளைப் புகை கக்கி வண்டி நின்றுவிட்டது. அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில், பால் கலந்த டீ போல இருந்தது. பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, கையெல்லாம் கரியோடு இரண்டரை மணிக்குப் பெண் வீட்டுக்குப் போனோம். "கார்ல வர்றதா சொன்னாங்களே" என்று பெண்ணின் அண்ணன் கேட்டுவிட்டு, லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை பாஸ்கர் மறக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து அவர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பியபோது, அதையும் ஜோசப் அண்ணனின் கணக்கில்தான் சேர்த்தான்.

ஷெட்டில் எஞ்சினை இறக்கி, அதன் இரும்பு உடலான பிளாக்கை மேஜைமேல் ஏற்றி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு ஜோசப் அண்ணன் சாக்பீஸ் பொடியைத் தூவினார். பொடியில் ஈரக்கோடு ஒன்று மெதுவாக ஊறி வந்தது. வெடிப்பு, ஒரு சாணுக்குக் குறையாத நீளம்.

"யார்னா தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டார்.

பாஸ்கர் என் பக்கம் திரும்பினான். "பஞ்சாங்கம், நீதானே கூட இருந்தே. ஊத்துனியா?"

"இல்ல" என்றேன்.

ஜோசப் அண்ணன் என் கையைப் பார்த்தார். அப்புறம் துணியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார். போல்ட்டுகளை அவர் இறுக்கியது சரியில்லை, அதனால்தான் இரும்பு வெடித்தது என்று ஷெட் முதலாளி முன்னால் முடிவாயிற்று. அவரே சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அங்கே வேலை இல்லை. அன்றைய டைரிப் பக்கத்தில் 'சாக்பீஸ் பொடி' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விடும் என்று அவர் தைத்தார். தைப்பது என்றுதான் அதற்குப் பெயர். வெடிப்பின் மேல் ஒரு துளை போட்டு, மரை வெட்டி, திருகாணியை ஏற்றி, தலையைச் சீவிவிடுவார். அடுத்த துளை முந்தைய திருகாணியைப் பாதி கடித்துக்கொண்டு விழும். இப்படியே ஒன்றை ஒன்று பிடித்தபடி கோடு நெடுக. மற்ற வண்டிகளின் வேலை முடிந்த பிறகு சாயங்காலத்தில் இதைச் செய்வார். நாளைக்கு மூன்று, நான்கு திருகாணிதான் முடியும். நான் தினமும் ஐந்தே முக்கால் மின்சார ரயிலில் தாம்பரத்தில் இறங்கி நடந்துபோய் ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொள்வேன். எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வேன். வேடிக்கை பார்க்க வருவதாக எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பாஸ்கரும் வருவான், கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு. முதல் நாளே பெயர் வைத்துவிட்டான்.

"என்ன டெய்லர், காஜா எடுத்தாச்சா?"

ஜோசப் அண்ணன் அடுத்த துளையைப் போடுவார்.

"மச்சான், இவர்கிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுத்தா போட்டதும் கிழிஞ்சிடும்டா. ஏன் டெய்லர், சர்ச்சுல பாவமன்னிப்பு கேட்டீங்களா? ஒரு வண்டிய கொன்னதுக்கு என்ன தண்டனை குடுத்தாங்க?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு வாரத்தில் ஷெட்டில் மற்ற மெக்கானிக்குகளும் டெய்லர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் யாரோ அவருடைய டூல் பெட்டிமேல் இஞ்ச் டேப் ஒன்றை வைத்திருந்தார்கள். அவர் அதை எடுத்துச் சுருட்டி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அந்த டேப்பை வாங்கி வந்தது யார் என்று எனக்குத் தெரியும். கடையில் அவன்கூட நின்றது நான்.

முப்பத்தேழு திருகாணிகளுக்கு அப்புறம் வெடிப்பின் நுனி வந்தது. நுனியில் ஒரு துளை போட்டு அடைத்தால்தான் வெடிப்பு நிற்கும். விட்டால் மேலே ஓடும். ஆனால் நுனி போய் முடிந்த இடம், எஞ்சின் நம்பர் பொறித்த பட்டையில், ஏழாவது இலக்கத்தின் அடியில். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் அதே நம்பர். பதிவைப் புதுப்பிக்கப் போனால் இன்ஸ்பெக்டர் அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார். ஓர் இலக்கம் குறைந்தால் திருட்டு வண்டி என்று சந்தேகம் வரும்.

ஜோசப் அண்ணன் ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டார். ஆர்.டி.ஓ.வில் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்றார். பாஸ்கருக்குப் பொறுமை இல்லை. "யார் பாக்கப்போறா, போடுங்க டெய்லர்" என்றான். அப்போது ஜோசப் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"சார், உன் கையெழுத்து நல்லா கீது. துளை போடறதுக்கு முன்ன நம்பர பென்சில்ல தேச்சி எடு. தேதி போடு. அந்த சார் சம்மதம்னு கையெழுத்து போடட்டும். நீயும் போடு. உன்கிட்டயே இருக்கட்டும், நீதான் எதையும் தொலைக்க மாட்டே."

அப்படியே செய்தோம். ஏழு இலக்கமும் பளிச்சென்று விழுந்தன. பாஸ்கர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். துளை விழுந்தது, ஏழாவது இலக்கம் போனது. எஞ்சினைப் பூட்டி மூன்று மணி நேரம் ஓட விட்டார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அதுவே பாஸ்கருக்கு ஏமாற்றமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

சித்திரையில் பதிவைப் புதுப்பிக்கப் போனபோது இன்ஸ்பெக்டர் நிறுத்திவைத்தார். வேலைக்கு முன்பு எடுத்த பென்சில் பிரதி, உரிமையாளர் சம்மதம் ஏதாவது இருந்தால் கொண்டு வரச் சொன்னார். பாஸ்கர் என்னையும் கூட்டிக்கொண்டு நேராக ஷெட்டுக்கு வந்து, தனக்குத் தெரியாமலே ஜோசப் நம்பரை அழித்துவிட்டதாகச் சொன்னான். முதலாளி போலீசுக்குப் பயந்தவர்.

வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டான். "அந்தப் பேப்பர் காணோம்னு சொல்லிடு மச்சான்."

"வண்டி போயிடுமேடா."

"போகட்டும். இவன் போகணும்."

அவனுக்குப் பயந்துதான் சரி என்றேன் என்று சொன்னால் பாதி பொய். சாட்சி சொல்லப் போய் நின்றால், முதல் கேள்வி மறுபடி வரும். தண்ணீர் ஊற்றியது யார் என்கிற கேள்வி. ஜோசப் அண்ணன் சொல்லி முதலாளி அந்தத் தாளைக் கேட்டபோது, தேடிப் பார்க்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து, கிடைக்கவில்லை என்றேன். எல்லோர் முன்னிலையிலும் ஜோசப் அண்ணனின் டூல் பெட்டியை வெளியே வைத்தார்கள். அவர் அதைத் தூக்கியபோது யாரோ உள்ளேயிருந்து, "டெய்லர், ஊசி நூல் மறந்துடாத" என்று சொன்னார்கள். பாஸ்கர் இல்லை. அவன் அன்று அங்கே வரவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு அவர் என் அறை வாசலில் நின்றார். எப்படி விலாசம் கண்டுபிடித்தாரோ. உள்ளே வரச் சொன்னேன்.

"பேப்பர் கெடச்சிதா சார்?"

"தேடிட்டுதான்ணா இருக்கேன்."

அவர் என் அலமாரியைப் பார்த்தார். வருஷ வாரியாக டைரிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை லேபிள். சினிமா டிக்கெட்டுகளுக்கு ஒரு டப்பா, ரயில் பாஸ்களுக்கு ஒரு டப்பா. மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இவ்ளோ அடுக்கி வெச்சிகினு கீறியே சார். இதுல ஒரு பேப்பர் காணாம பூடுமா?"

நான் டீ போடட்டுமா என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டே, என் கையைப் பார்த்துச் சொன்னார்.

"ஐஸ் தண்ணிதான? சாதா தண்ணிக்கு அம்மாம் நீளம் வுடாது. மொத நாளே தெரியும்."

"அப்பவே ஏண்ணா சொல்லல?"

"டெய்லி வந்து குந்திக்கினு இருந்தியா. இன்னிக்கு சொல்வான், நாளிக்கு சொல்வான்னு பாத்துக்கினு இருந்தேன்."

படியிறங்கிப் போய்விட்டார். கேளம்பாக்கம் பக்கம் ஏதோ லாரி ஷெட்டில் சேர்ந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு தடவை அந்த வழியாகப் பஸ்ஸில் போனபோது ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கும் டைரியில் தேதி இருக்கிறது. கார் ஆறு மாதம் பாஸ்கர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் பழைய இரும்புக்குப் போயிற்று. எடைபோட வந்தவர் வேறு பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகியபோது எஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பியதாக பாஸ்கரே சொன்னான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

இன்றைக்கு இரும்புலியூரில் அந்த ஷெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. பெருங்களத்தூர் பூத், கலர் சோடாக்காரர், ஐஸ் பெட்டி எதுவும் இல்லை. பாஸ்கர் வெளிநாட்டில் இருக்கிறான்; பஞ்சாங்கம் என்று என்னைக் கூப்பிட இங்கே யாருமில்லை. போன சனிக்கிழமை அந்த வருஷத்து டைரியைப் பிரித்தேன். அந்தத் தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. பென்சில் கரி கொஞ்சமும் கலையவில்லை. இரண்டு கையெழுத்து, தேதி, கிழமை, ஏழு இலக்கம். எல்லாம் சரியாக இருந்தன.